பணி ஈடுபாடும் வேலைத்திறனும்: ஐ.டி. அணிகளுக்கான கேள்வி பதில்

சென்னை போன்ற நகரங்களில் ஐ.டி. சேவை நிறுவனங்களில் அணியை நடத்தும் டீம் லீட், மேனேஜர், எச்.ஆர். துறையினர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. மென்பொருள் எழுதும் அணிகளையும், இரவு பகலாக டிக்கெட் (வாடிக்கையாளர் பதியும் புகார் அல்லது கோரிக்கை) பார்க்கும் சப்போர்ட் அணிகளையும் மனதில் வைத்துப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

பணி ஈடுபாடு என்பதும் வேலையில் திருப்தி என்பதும் ஒன்றுதானே?

இல்லை. சம்பளம் தேதி தவறாமல் வருகிறது, கேப் வாசலில் வந்து நிற்கிறது, மேனேஜர் தொல்லை செய்வதில்லை. இவ்வளவும் இருந்தால் ஒருவர் திருப்தியாக இருக்கலாம். அதே ஆள் கடனே என்று டிக்கெட்டை மூடிவிட்டும் போகலாம். வேலையில் மனம் ஒன்றுவதுதான் ஈடுபாடு.

இந்தக் கருத்துக்கு ஆய்வுலகில் முதலில் வடிவம் கொடுத்தவர் வில்லியம் கான். ஒரு கோடைமுகாமின் ஊழியர்களையும் ஒரு கட்டடக்கலை நிறுவனத்தையும் கூர்ந்து பார்த்து 1990-இல் எழுதினார். ஒருவர் வேலைக்குள் தன்னை முழுதாகக் கொண்டுவர மூன்று தேவை என்றார்: செய்வதில் அர்த்தம், பேசினால் தலை போகாது என்ற பாதுகாப்பு, அன்றைக்கு உடலிலும் மனதிலும் தெம்பு. பிறகு நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் ஷௌஃபெலியும் பேக்கரும் உருவாக்கிய அளவுகோல் ஈடுபாட்டைத் துடிப்பு, பற்று, ஒன்றிப்போதல் என்று மூன்றாகப் பிரித்தது.

இரவு 10 மணிவரை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பது இந்த மூன்றில் எதிலும் வராது. நம் ஊரில் இதை ஒருமுறை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஈடுபாடு கூடினால் வேலைத்திறனும் கூடும் என்பதற்கு ஆதாரம் எவ்வளவு வலுவானது?

உண்டு, ஆனால் மேடையில் சொல்லும் அளவுக்கு இல்லை. பல ஆய்வுகளைத் திரட்டிக் கிறிஸ்டியன், கார்சா, ஸ்லாட்டர் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட தொகுப்பில், ஈடுபாட்டுக்கும் ஒப்படைத்த வேலையைச் செய்யும் திறனுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பென்றால் 1) சுமார் 0.43. வேலைத் திருப்திக்கு இதே கணக்கு 2001-இல் ஜட்ஜ் குழுவினர் செய்த தொகுப்பில் சுமார் 0.30.

இந்த எண்ணைப் புழக்கத்துக்குக் கொண்டுவருவோம். ஈடுபாட்டில் மேல்பாதியில் இருக்கும் 100 பேரை எடுத்தால், கெழு 0.4 என்றால் அவர்களில் ஏறக்குறைய 63 பேர் வேலைத்திறனிலும் மேல்பாதியில் இருப்பார்கள். நாணயத்தைச் சுண்டினாலே 50 வரும். ஆக, 1,000 பேர் கொண்ட பிரிவுக்குக் கொள்கை வகுக்க இந்தத் தொடர்பு போதும். ஒரே ஒருவரைக் காட்டி ‘இவருக்கு ஈடுபாடு குறைவு, அதனால் வேலையும் சுமாராகத்தான் இருக்கும்’ என்று சொல்லப் போதாது. 100-இல் 37 பேர் விஷயத்தில் அது தப்பாகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல ஆய்வுகளில் வேலைத்திறன் என்பது மேனேஜர் போட்ட மதிப்பெண். மீட்டிங்கில் கலகலப்பாகப் பேசுபவருக்கு மேனேஜர் தாராளமாகப் போடுவார். வாய் திறக்காமல் தரவுத்தளத்தைச் சரிசெய்துகொண்டிருப்பவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஈடுபாடு, வேலைத்திறன் இரண்டையும் ஊழியரே தனக்குத்தானே மதிப்பிட்ட ஆய்வென்றால் எண் இன்னும் ஊதிப்போய்த்தான் வரும்.

எது காரணம், எது விளைவு?

இரு பக்கமும் ஓடுகிறது. 2003-இல் ஷ்னைடர் குழுவினர் 35 நிறுவனங்களின் 8 ஆண்டுத் தரவைப் பார்த்தார்கள். மொத்தத் திருப்தியைப் பொறுத்தவரை, நிறுவனம் நன்றாக நடந்ததால் ஊழியர் மகிழ்ந்தார்கள் என்ற திசையே எதிர்த்திசையைவிட வலுவாகத் தெரிந்தது.

மென்பொருள் அணியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ரிலீஸ், அதாவது புதிய பதிப்பை வெளியிடுவது, சிக்கலில்லாமல் போனால் அடுத்த வாரம் அணியின் முகமே வேறு. பில்ட் (எழுதிய நிரலை ஓடும் மென்பொருளாகத் தொகுப்பது) ஓட 40 நிமிடம், டெஸ்ட் சர்வர் மதியம் படுத்துவிடும், கிளையன்ட் அனுமதிக்கு 6 நாள் காத்திருப்பு என்ற இடத்தில் எவ்வளவு ஆர்வத்தோடு வந்தவரும் மூன்று மாதத்தில் ஏனோதானோ என்று ஆகிவிடுவார். ஈடுபாடு குறைந்ததால் வேலை கெட்டது என்று அறிக்கை எழுதுவார்கள். உண்மையில் வேலை நகராததால் ஈடுபாடு வடிந்திருக்கும்.

2001-இல் டெமெரூட்டி, பேக்கர் முதலியோர் முன்வைத்த மாதிரி இதற்கு நல்ல வரைபடம். வேலையின் சுமைகள் ஒரு தட்டு. கருவி, தன் முடிவுரிமை, உதவிக்கு ஆள், பின்னூட்டம் போன்ற ஆதாரங்கள் இன்னொரு தட்டு. சுமை மிஞ்சினால் சோர்வு, ஆதாரம் வறண்டால் விலகல். டீம் லீட் முதலில் தொட வேண்டியது ஆளின் மனநிலையை அல்ல, இந்த இரண்டாவது தட்டை.

ஈடுபாடு கூடியபின் எங்கள் அணியில் பிழை எண்ணிக்கை ஏறிவிட்டது. தப்பாகப் போகிறதா?

பெரும்பாலும் சரியாகத்தான் போகிறது. இதை முதலில் கண்டது மருத்துவமனைகளில். ஆமி எட்மண்ட்சன் 1990-களில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக நடத்தப்படும் வார்டுகளில் தவறு எண்ணிக்கை அதிகமாக இருந்தது. அங்கே தவறு அதிகம் நடந்தது என்பதைவிட, நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே பொருத்தமான விளக்கமாக இருந்தது. 1999-இல் 51 அணிகளை வைத்து அவர் எழுதிய கட்டுரை, பயமின்றிப் பேச முடிகிற அணி அதிகம் கற்கிறது, அந்த வழியாக நன்றாகச் செயல்படுகிறது என்று காட்டியது. கூகுள் 2012-இல் தொடங்கி சுமார் 180 அணிகளை அலசிய அரிஸ்டாட்டில் திட்டத்திலும் இதுவே முதலிடத்தில் வந்தது. அணியில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, அவர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்பதே அதிகம் கணக்கில் வந்தது.

ஆகவே பிழைகளை இரண்டு கூடையில் பிரியுங்கள். அணியே கண்டுபிடித்துப் பதிந்தவை ஒன்று, கிளையன்ட் கண்டுபிடித்தவை இன்னொன்று. முதலாவது ஏறி, இரண்டாவது அப்படியே நின்றால் அல்லது இறங்கினால் நல்ல சகுனம். இரண்டும் ஏறினால் வேறு கோளாறு. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக மேலிடத்துக்கு அனுப்புவதுதான் வழக்கமான தவறு. ‘இந்த மாதம் பிழை 30 சதவீதம் அதிகம்’ என்று மேலே இருந்து ஒரு மெயில் வந்தால் போதும். அடுத்த மாதம் யாரும் பதியமாட்டார்கள்.

ஐ.டி. அணியின் வேலைத்திறனை எதை வைத்து அளப்பது?

எழுதிய வரிகள், கமிட் (நிரல் மாற்றத்தைப் பதிவது) எண்ணிக்கை, மூடிய டிக்கெட் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்து அளக்காதீர்கள். டிக்கெட்டை எண்ணினால் ஒரு டிக்கெட்டை மூன்றாக உடைக்கத் தெரியாத ஆள் ஐ.டி.யில் இல்லை.

மென்பொருள் அணிக்கு மென்பொருள் அணிகளின் செயல்பாட்டை ஆராயும் டோரா (DORA) குழு பரப்பிய நான்கு அளவுகள் நல்ல தொடக்கம்: எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றத்தைப் புழக்கத்துக்கு விடுகிறீர்கள், கமிட் செய்ததிலிருந்து புழக்கத்துக்குப் போக எவ்வளவு நேரம், போன மாற்றங்களில் எத்தனை சதவீதம் உடைந்தது, உடைந்ததை மீட்க எவ்வளவு நேரம். முதல் இரண்டு வேகம், பின் இரண்டு உறுதி. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சப்போர்ட் அணிக்கு எஸ்.எல்.ஏ. (ஒப்புக்கொண்ட கெடுவுக்குள் முடித்த) சதவீதம் மட்டும் போதாது. கெடு முடிய 10 நிமிடம் இருக்கும்போது ‘வாடிக்கையாளர் பதிலுக்குக் காத்திருக்கிறோம்’ என்று நிலையை மாற்றிக் கடிகாரத்தை நிறுத்துவது ஊரறிந்த வித்தை. மூடியபின் 7 நாளுக்குள் திரும்பத் திறக்கப்பட்ட டிக்கெட் எத்தனை சதவீதம் என்பதைப் பக்கத்தில் வையுங்கள். இந்த எண்களை அணி அளவில் எடுங்கள், ஆள் அளவில் வேண்டாம். குறைந்தது 6 மாதம் சேர்த்துப் பாருங்கள். ஒரு பெரிய ரிலீஸ் நடக்கும் மாதம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிடும்.

ஈடுபாட்டை அளக்கும் கருத்தாய்வில் எத்தனை கேள்வி, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை?

கருத்துக்கணிப்பு நிறுவனமான கேலப் 12 கேள்வி வைத்திருக்கிறது. உட்ரெக்ட் அளவுகோலில் 17, 9, 3 கேள்வி கொண்ட வடிவங்கள் உள்ளன. ஓர் அணி தனக்குத்தானே நடத்த 6 கேள்வி போதும், 3 நிமிடத்தில் முடிய வேண்டும், காலாண்டுக்கு ஒருமுறை. இப்படிக் கேட்கலாம்:

- இந்த வாரம் என்னிடம் எதிர்பார்ப்பது என்ன என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.
- வேலைக்கு வேண்டிய கருவி, அனுமதி, தகவல் தேவைப்பட்ட நேரத்தில் கிடைத்தன.
- தப்பு செய்தால் மறைக்காமல் சொல்ல முடிகிறது.
- என் வேலை யாருக்குப் பயன்படுகிறது என்று எனக்குத் தெரியும்.
- வேலை முடிந்தபின் வீட்டுக்கென்று எனக்குத் தெம்பு மிஞ்சுகிறது.
- உங்கள் வேலையைத் தாமதப்படுத்தும் ஒரே ஒரு விஷயம் எது?

முதல் ஐந்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஆறாவது எழுத்தில். உண்மையில் பயன்படப்போவது அந்த ஆறாவதுதான், மற்றவை அதற்குத் துணை. அதைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ அவரவர் விருப்பப்படி எழுத விடுங்கள். கேலப் பட்டியலில் ‘அலுவலகத்தில் எனக்கு மிக நெருங்கிய நண்பர் இருக்கிறார்’ என்றொரு கேள்வி உண்டு. இதை எதற்குக் கேட்கிறார்கள் என்று முழிக்காதவர் குறைவு. உங்கள் அணிக்கு ஒட்டாத கேள்வியை விட்டுவிடலாம்.

காலம் பார்த்து அனுப்புங்கள். அப்ரைசல் கடிதம் வரும் மாதத்தில் அனுப்பினால் ஊதிய உயர்வைப் பற்றிய கருத்தாய்வாகத்தான் அது திரும்பி வரும். ரிலீஸ் முடிந்த மறுநாளும் வேண்டாம்.

பெயர் தெரியாது என்று சொல்லியும் யாரும் நம்புவதில்லையே?

நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. 12 பேர் கொண்ட அணியின் சராசரியை ஒரு தாளிலும், அதில் டெவலப்பர் 9 பேரின் சராசரியை இன்னொரு தாளிலும் கொடுத்தால், மீதி 3 டெஸ்டர் என்ன போட்டார்கள் என்று கழித்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். பாலினம், அனுபவ ஆண்டு, ஊர் என்று வடிகட்டிகளை அடுக்கினால் பெண் லீட் ஒருவர் மட்டும் தனியாகத் தெரிந்துவிடுவார்.

5 பேருக்குக் குறைவான எந்தக் குழுவின் முடிவையும் காட்டாதீர்கள். ஒரு காலாண்டில் ஒரே ஒரு பிரிப்பை மட்டும் காட்டுங்கள். எழுத்துப் பதில்களை லீட்டிடம் அப்படியே கொடுக்க வேண்டாம். வேறு அணியைச் சேர்ந்த ஒருவர் சாரத்தை மட்டும் எடுத்துத் தரட்டும். எழுதும் நடையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ‘உங்களுக்காகத் தனியாக உருவாக்கிய லிங்க்’ என்று வரும் மெயிலில், பெயர் பதிவாகாது என்ற வாக்குறுதியை யாரும் நம்பப்போவதில்லை. பொதுவான ஒரே லிங்க் கொடுங்கள். சிலர் இரண்டு முறை போடும் அபாயம் உண்டு, பரவாயில்லை.

எங்கள் 8 பேர் அணியின் மதிப்பெண் 3.9-இலிருந்து 3.6-க்கு இறங்கிவிட்டது. என்ன செய்வது?

முதலில் ஒரு டீ குடியுங்கள். 8 பேரில் ஒரே ஒருவர் 5 போட்டுக்கொண்டிருந்த இடங்களில் 3 போட்டால் சராசரி 0.25 இறங்கும், 2 போட்டால் 0.38 இறங்கும். அவர் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். சிறிய அணியில் ஒரு காலாண்டின் சராசரி எதையும் நிரூபிக்காது. தொடர்ந்து மூன்று காலாண்டு இறங்கினாலோ, ஒரே கேள்வி மட்டும் எல்லோருக்கும் சேர்ந்து சரிந்தாலோ கவனியுங்கள். ஒரே கேள்வி சரிவதில் ஒரு வசதி உண்டு: எங்கே தோண்ட வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

பெஞ்ச்சில், அதாவது பிராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பில், இருப்பவர்களை எப்படிக் கணக்கில் எடுப்பது?

பிராஜெக்ட் அணியின் சராசரியில் அவர்களைக் கலக்கவே கூடாது. மேலே சொன்ன முதல் கேள்விக்கே, அதாவது என்னிடம் எதிர்பார்ப்பது என்ன என்பதற்கே, பெஞ்ச்சில் உட்கார்ந்திருப்பவரிடம் பதில் இல்லை. எந்த நாளும் அழைப்பு வரலாம், வராமலும் போகலாம். சம்பளம் வருகிறது, ஆனால் கான் சொன்ன மூன்றில் அர்த்தமும் பாதுகாப்பும் இரண்டுமே போய்விடுகின்றன.

செய்யக்கூடியவை சில உண்டு. ‘ரிசோர்ஸ் டீம்’ என்ற பொதுப் பெயரோடு நிறுத்தாமல், ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளரை நியமியுங்கள். வாரம் 15 நிமிடம் பேசட்டும். சான்றிதழ்ப் படிப்பை மட்டும் தலையில் கட்டாமல், உள்ளே யாராவது நிஜமாகவே பயன்படுத்தப்போகும் சின்னக் கருவியொன்றை எழுதக் கொடுங்கள். பிராஜெக்ட் நேர்முகத்தில் நிராகரித்தால் காரணத்தை இரண்டு வரியிலாவது சொல்லுங்கள். ஐந்து முறை காரணம் தெரியாமல் திரும்பி வந்தவர் ஆறாவது முறை தயாரிப்பில்லாமல்தான் போவார். அதை வைத்து அவர் திறமையற்றவர் என்று எழுதிவிடுவார்கள்.

ரேட்டிங்கைக் கர்வில் அடக்குவது ஈடுபாட்டைப் பாதிக்குமா?

பாதிக்கும். கர்வ் என்பது ஒவ்வொரு தட்டுக்கும் இத்தனை பேர் என்று முன்பே வரையறுத்த பங்கீடு. 10 பேரும் நன்றாகச் செய்த அணியில் ஒருவரையாவது கீழ்த்தட்டில் தள்ள வேண்டுமென்றால், பக்கத்து சீட்டுக்காரருக்கு உதவுவது நமக்கே நஷ்டம் என்ற கணக்கு வந்துவிடுகிறது. மென்பொருளில் உதவி நின்றால் ரிவ்யூவும் (ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் சரிபார்ப்பது) நின்றுவிடும். மைக்ரோசாஃப்ட் இந்தக் கட்டாயத் தரவரிசையை 2013 நவம்பரில் கைவிட்டது. அடோபி 2012-இலேயே ஆண்டு மதிப்பீட்டை விட்டுவிட்டு, ஆண்டு முழுவதும் அவ்வப்போது பேசிக்கொள்ளும் முறைக்குப் போனது.

உங்கள் நிறுவனத்தில் கர்வ் இருக்கிறது, அதை மாற்றும் அதிகாரம் உங்களுக்கு இல்லை என்றால் ஒன்றையாவது செய்யுங்கள். ஆண்டு இறுதியில் என்ன சொல்லப்போகிறீர்களோ அதை ஜூலையிலேயே சொல்லிவிடுங்கள். கீழ்த்தட்டு ரேட்டிங்கைவிட, அது திடீரென்று வந்து விழுவதுதான் ஆளை உடைக்கிறது.

வீட்டிலிருந்து வேலை செய்தால் ஈடுபாடு குறையுமா?

கருத்துகள் நிறைய, சீட்டுக் குலுக்கிப் போட்டுச் செய்த சோதனைகள் கொஞ்சம். அவற்றில் தொழில்நுட்பத் துறைக்கு நெருக்கமானது சீனாவின் ட்ரிப் டாட் காம் நிறுவனத்தில் நிக்கோலஸ் ப்ளூம் குழுவினர் நடத்தி 2024-இல் வெளியிட்டது. பொறியாளர், மார்க்கெட்டிங், நிதிப் பிரிவுகளைச் சேர்ந்த 1,612 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கொடுத்தார்கள். வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். இரண்டு ஆண்டு மதிப்பீடுகளில் வேலைத்திறனில் வேறுபாடு தெரியவில்லை. விலகல் குறைந்தது முக்கியமாக மேனேஜர் அல்லாதவர்கள், பெண்கள், தூரத்திலிருந்து வருபவர்கள் நடுவில்.

தாம்பரத்துக்கு அப்பாலிருந்து சிறுசேரிக்கு ஓ.எம்.ஆர். நெரிசலில் வருபவரை வைத்து இதைப் படித்தால் காரணம் விளங்கும். வாரம் இரண்டு நாள் என்பதையும் மறக்க வேண்டாம். முழு வாரமும் வீட்டிலிருந்து வேலை செய்வது பற்றி இந்தச் சோதனை எதுவும் சொல்லவில்லை.

ஈடுபாடு மிக அதிகமான ஆள்தான் முதலில் களைத்துப்போகிறார். ஏன்?

எல்லாச் சிக்கலும் அவரிடமே போவதால். இரவு 2 மணிக்குச் சர்வர் விழுந்தால் ஆன்கால் பட்டியலை (அன்றைக்கு அவசர அழைப்புக்குப் பொறுப்பு யார் என்ற பட்டியலை) பார்க்காமல் நேராக அவரைத்தான் எழுப்புவார்கள். அவரும் முகம் சுளிக்கமாட்டார், கருத்தாய்விலும் 5 போடுவார். ஐந்தாவது கேள்வியான ‘தெம்பு மிஞ்சுகிறதா’ என்பதில் மட்டும் மெல்ல இறங்கும். ஒருநாள் 90 நாள் நோட்டீஸ் கடிதம் வரும்.

ஆன்கால் அழைப்புப் பதிவை எடுத்து ஒவ்வொருவருக்கும் எத்தனை என்று எண்ணுங்கள். ஒருவரிடமே பாதிக்கு மேல் போனால் அது அணியின் ஓட்டை. அடுத்த 6 வாரம் அவர் கையால் எதையும் சரிசெய்யாமல், பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவரைச் செய்ய வைக்கட்டும். இரவில் எழுந்தவர் மறுநாள் மதியம் வந்தால் போதும் என்பதை எழுதி வையுங்கள். வாய்ச்சொல்லாக விட்டால், லீவு கேட்கக் கூச்சப்படுபவருக்கு அது கிடைக்காது.

பிறந்தநாள் கேக், டி-ஷர்ட், வெள்ளிக்கிழமை விளையாட்டு?

செய்யுங்கள், நன்றாக இருக்கும். பில்ட் 40 நிமிடம் ஓடும் பிரச்சினைக்குக் கேக் மருந்தாகாது.

10 பேர் அணியில் அடுத்த மூன்று மாதம் என்ன செய்யலாம்?

முதல் வாரம் கருத்தாய்வை அனுப்பும்போதே, கடந்த 6 மாதத்தின் வேலை எண்களையும் எடுத்து வையுங்கள். ரிவ்யூவுக்குக் காத்திருந்த நேரம், திரும்பத் திறந்த டிக்கெட், மீட்க ஆன நேரம் ஆகிய மூன்று போதும். முன்பு என்ன இருந்தது என்று தெரியாமல், பின்பு மாறியதா என்று சொல்ல முடியாது.

முடிவுகளை 10 நாளுக்குள் அணியிடமே காட்டுங்கள். முதல் 20 நிமிடம் லீட் விளக்கம் சொல்லாமல் கேட்க வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கடினம். தடைகளை ‘நம் கையில் இருப்பவை’, ‘மேலே கேட்க வேண்டியவை’ என்று பிரித்து, முதல் கூடையிலிருந்து ஒன்றே ஒன்றை எடுங்கள்.

ரிவ்யூ இரண்டு நாள் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலை 11, மாலை 4 என்று இரண்டு நேரம் குறித்து, அப்போது எல்லோரும் அரைமணி ரிவ்யூ பார்ப்பது. நிரல் மாற்றம் 300 வரிக்கு மேல் போனால் உடைத்து அனுப்புவது. அல்லது கிளையன்ட் அழைப்பு தினமும் இரவு 8.30-க்கு, 10 பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். முறைவைத்து இரண்டு பேர் போய், மறுநாள் காலை ஐந்து வரிக் குறிப்பு அனுப்பினால் போதும். இரண்டாவது கூடையில் இருப்பதற்கு யார், எந்தத் தேதிக்குள், யாரிடம் கேட்பார் என்று எழுதுங்கள். கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்றே சொல்லிவிடுங்கள். 12-ஆவது வாரம் அதே கேள்வி, அதே எண்கள்.

கெடுவது எங்கே? நான்கு தடைகளை ஒன்றாகப் பிடிப்பதில், ஊதியத்தைப் பற்றி வாக்குக் கொடுப்பதில், இரண்டாவது முறை கேள்விகளை ‘மெருகேற்றி’ மாற்றிவிடுவதில். எல்லாவற்றையும்விட மோசம், கருத்தைக் கேட்டுவிட்டு மூச்சு விடாமல் இருப்பது. அடுத்த காலாண்டில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் 4 போடுவார்கள். எல்லாம் 4 என்று வரும் தாளைப் பார்த்து மகிழ வேண்டாம்.

மதிப்பெண்ணை மேனேஜரின் வேரியபிள் பேயுடன் (செயல்பாட்டைப் பொறுத்து மாறும் ஊதியம்) இணைக்கலாமா?

கூடாது. கருத்தாய்வுக்கு முந்தைய நாள் பிரியாணி வரும், ‘பார்த்துப் போடுங்கப்பா’ என்ற வார்த்தையும் வரும். பணத்தோடு கட்ட வேண்டுமென்றே மேலிடம் சொன்னால், மதிப்பெண்ணை விட்டுவிட்டு, ஒப்புக்கொண்ட தடையை நீக்கினாரா என்பதோடு கட்டச் சொல்லுங்கள்.

ஈடுபாடு இல்லாமலே வேலையை நன்றாக முடிப்பவரை என்ன செய்வது?

அவரை மாற்றப் பார்க்காதீர்கள். 9.30-க்கு வந்து, சொன்னதைச் சொன்ன நாளில் முடித்து, 6.30-க்குக் கிளம்புகிற ஆள் எந்த அணிக்கும் சொத்து. அவருக்கு மனம் ஒன்றும் இடம் மாலையில் வேறெங்கோ இருக்கலாம். ஒரே ஒரு சோதனை செய்யுங்கள்: முன்பு ஸ்டாண்டப்பில் (அணியின் தினசரிக் குறுங்கூட்டம்) ‘இது உடையும்’ என்று எச்சரித்தவர் இப்போது தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறாரா? அப்படியென்றால் தனியே கூப்பிட்டு, கடைசியாக எப்போது சொன்னார், அப்போது அதை யார் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று கேளுங்கள்.